பச்சையும் பொன்னும் கலங்காமல் நிற்க

ஜோஹன்னஸ்பர்க்கில் குடியேறி எட்டு மாதமான ஒருவரின் கேள்வி இது. சனிக்கிழமை தென்னாப்பிரிக்க ரக்பி அணியான ஸ்பிரிங்போக்ஸின் ஆட்டம் பார்க்க அலுவலக நண்பர்கள் 12 பேர் அவர் வீட்டுக்கு வருகிறார்கள். அதில் ஒருவர், "ஸ்பிரிங்போக்கி இல்லாமல் ரக்பியா?" என்று கேட்டுவிட்டாராம். பச்சை பெப்பர்மின்ட் லிக்யூர் (இனிப்புச் சரக்கு) அடியிலும், அமருலா என்ற கிரீம் லிக்யூர் மேலேயுமாகக் கலங்காமல் இரண்டு அடுக்காக நிற்கிற சின்ன கிளாஸ் பானம்தான் ஸ்பிரிங்போக்கி. இவரும் அமருலா ஒரு பாட்டில், பெப்பர்மின்ட் லிக்யூர் ஒரு பாட்டில் வாங்கிவந்து மூன்று தடவை முயன்றிருக்கிறார். மூன்று தடவையும் பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் நிறம்தான் கிடைத்ததாம். எங்கே தப்பு, 12 பேருக்கு எப்படிச் செய்வது என்று கேட்கிறார்.

கேப் டவுனில் ஒரு ஹோட்டல் பாரில் ஆறு வருடம் நின்றவன் நான். ஆட்டம் இருக்கிற ராத்திரிகளில் இதைத் தட்டுத் தட்டாக ஊற்றியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் செய்முறை. 50 மில்லி பிடிக்கிற, வாய் குறுகலான சின்னக் கண்ணாடி கிளாஸ். அடியில் 20 மில்லி பச்சை பெப்பர்மின்ட் லிக்யூர். அதன்மேல், கவிழ்த்துப் பிடித்த கரண்டியின் முதுகு வழியாக 20 மில்லி அமருலா. இரண்டும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பாரில் ஒரு டாட் என்றால் 25 மில்லி, அதனால் அங்கே 25-க்கு 25 ஊற்றுவோம். வீட்டுக்கு 20 போதும் என்கிறேன், காரணம் பின்னால் வரும். இன்னொன்று, இங்கே இதை ஷாட் என்று கேட்பவர்கள் குறைவு. ஷூட்டர் என்று சொல்லிப் பழகுங்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை, சனிக்கிழமை யாராவது கேட்டால் சொல்ல உதவும். ஸ்பிரிங்பொக் என்பது இந்த நாட்டின் துள்ளுமான். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் சொல்லின் வாலில் வரும் 'கி' செல்ல விகுதி. நம் 'குட்டி' மாதிரி. ஆக, ஸ்பிரிங்போக்கி என்றால் மான்குட்டி. ரக்பி அணிக்கு இந்த மான் பெயர் 1906-ல் பிரிட்டன் போன சுற்றுப்பயணத்தில் ஒட்டியது. பச்சைச் சட்டை, பொன்னிறக் காலர். கிளாஸில் அடியில் பச்சை, மேலே பொன் என்று நிற்பது அந்தச் சட்டைதான். 1995 ஜூன் 24 அன்று உங்கள் ஊர் எல்லிஸ் பார்க் மைதானத்தில் நியூசிலாந்தை 15-12 என்று வென்றபோது மண்டேலா போட்டுக்கொண்டு வந்ததும் அதே சட்டை. அமருலாவின் நிறம் உண்மையில் பொன் கிடையாது, பால் கூடிப்போன காபி. அதைப் பொன் என்று ஒப்புக்கொள்ள நாட்டுப்பற்று கொஞ்சம் வேண்டும். இங்கே அதற்குப் பஞ்சமில்லை.

சரி, உங்கள் மூன்று தடவைகளுக்கு வருவோம். விவரமாக எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று.

முதல் தடவை அமருலாவை அடியில் ஊற்றி, பச்சையை மேலே விட்டிருக்கிறீர்கள். கிரீம் கெட்டியாக இருக்கிறது, அது கீழே நிற்கும் என்று நினைத்திருப்பீர்கள். எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். கெட்டி வேறு, கனம் வேறு. நல்லெண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டி, ஆனால் மிதக்கிறது. இந்தக் கிளாஸில் எது கீழே, எது மேலே என்பதைச் சர்க்கரைதான் முடிவு செய்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹால் 790 கிராம்கூட இல்லை. ஆக, ஆல்கஹால் கூடக்கூட பானம் லேசாகும், சர்க்கரை கூடக்கூடக் கனக்கும். பெப்பர்மின்ட் லிக்யூரில் ஆல்கஹாலும் இருக்கிறது, ஆனால் சர்க்கரை அதை அமுக்கிவிடுகிறது. அமருலாவிலும் சர்க்கரை உண்டு. ஆனால் அதில் கிரீம் இருக்கிறது, கிரீமில் கொழுப்பு இருக்கிறது, கொழுப்பு தண்ணீரைவிட லேசு. அதனால் அது பச்சையின் மேல் மிதக்கிறது.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பச்சை பாட்டிலில் சில கம்பெனிகள் 'கிரெம் டி மாந்த்' என்று போட்டிருக்கும். கிரெம் என்று இருப்பதால் அதில் கிரீம் இருக்கிறது என்று நினைத்து, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு துளிப் பால்கூடக் கிடையாது. ஐரோப்பியச் சட்டப்படி லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருந்தால்தான் பொதுவாக லிக்யூர் என்று விற்கலாம்; 250 கிராம் இருந்தால்தான் முன்னால் கிரெம் போட்டுக்கொள்ளலாம். இனிப்பு கூடியது என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். அமருலா, பெய்லீஸ் இரண்டும் நிஜமாகவே பால் கிரீம் கலந்தவை, அவை கிரீம் லிக்யூர். லிக்கர் என்றால் சரக்கு, லிக்யூர் என்றால் இனிப்புச் சரக்கு. நம்மூர்ப் பேச்சில் இரண்டும் ஒரே உச்சரிப்பில் வந்து விழுவதால் கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

உங்களுக்கு மூன்றாவது தடவை நடந்தது கிட்டத்தட்ட அதுதான் என்று நினைக்கிறேன். முதல் பாட்டில் தீர்ந்து, பக்கத்துக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்த வேறொரு பச்சை பாட்டிலை வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரையைக் குறைத்து, ஆல்கஹாலைக் கூட்டி, சாயம் மட்டும் அள்ளிப்போட்ட சரக்குகள் இருக்கின்றன. புதினா வாசனை இருக்கும், கனம் இருக்காது. அடியில் நிற்கத் தெம்பில்லாமல் கிரீமோடு கலந்துவிடும். லேபிளைப் படித்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சமையலறைத் தராசு இருந்தால் சுலபம். ஒரே கிளாஸில் 100 மில்லி பச்சையை அளந்து எடை போடுங்கள், கழுவித் துடைத்துவிட்டு 100 மில்லி அமருலாவை எடை போடுங்கள். பச்சை சில கிராமாவது கூட இருந்தால் வேலை நடக்கும். இரண்டும் சமமாகக் காட்டினால் அந்தப் பாட்டிலோடு மல்லுக்கட்ட வேண்டாம், பாட்டிலை மாற்றுங்கள்.

இரண்டாவது தடவை வரிசை சரி, பாட்டில் சரி, கைதான் சரியில்லை. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றியிருக்கிறீர்கள். ஒரு முழ உயரத்திலிருந்து விழுகிற கிரீம், கனம் பார்த்துக்கொண்டு நிற்காது, குத்திக்கொண்டு அடிவரை போய்விடும். போனது திரும்பி மேலே வந்தாலும் வழியெல்லாம் கலந்துவிட்டுத்தான் வரும்.

ஊற்றுவது இப்படி. டீஸ்பூனைக் கவிழ்த்து, அதன் நுனி கிளாஸின் உள்சுவரைத் தொடுகிற மாதிரி, பச்சைக்கு ஒரு விரற்கடை மேலே பிடியுங்கள். அமருலாவைக் கரண்டியின் முதுகில் விடுங்கள். அது சுவரோடு வழிந்து இறங்க வேண்டும். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற பொறுமை வேண்டும். முதல் ஐந்து மில்லிதான் கண்டம். அந்த மெல்லிய படலம் பச்சையின்மேல் பரவி நின்றுவிட்டால், அதற்கப்புறம் கொஞ்சம் வேகமாகவே விடலாம், ஒன்றும் ஆகாது. கிளாஸ் நிரம்ப நிரம்பக் கரண்டியையும் மேலே தூக்கிக்கொண்டே வாருங்கள்.

கரண்டி வித்தை இரண்டு கிளாஸுக்கு அழகு. 24 கிளாஸுக்கு மணிக்கட்டு வலிக்கும். வீட்டில் செய்வதென்றால் நான் சொல்வது, குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கிற, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச். மருந்துக்கடையில் புதிதாக ஒன்று வாங்குங்கள். நுனியைச் சுவரில் ஒட்டி மெதுவாக அழுத்தினால் கிரீம் நூல் பிடித்த மாதிரி இறங்கும். இரண்டு தடவை அழுத்தினால் 20 மில்லி; அளவும் சரியாகிவிடும். பாரில் என் மேனேஜர் இதைப் பார்த்தால் சிரிப்பார். ஆனால் அவர் வீட்டு விருந்தில் சாஸ் ஊற்றுகிற மூக்கு பாட்டிலில்தான் ஊற்றினார், நான் பார்த்தேன்.

குளிர்ச்சியை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், குளிர்ந்த லிக்யூர் தேன் மாதிரி மந்தமாகும். மந்தமான இரண்டு திரவங்கள் ஒன்றுக்குள் ஒன்று அவசரமாகப் புகாது. பச்சை பாட்டிலை முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் வைக்கலாம், உறையாது. அமருலாவை அங்கே வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜ் போதும். ஃப்ரீசரில் கிரீம் கூழாகி, சில சமயம் பிரிந்துபோகிறது. கிளாஸையும் குளிர வைக்கலாம், ஆனால் உள்ளே ஈரம் பூத்திருந்தால் துடைத்துவிடுங்கள்.

ஈரம் என்றதும் என் அவமானம் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு பிறந்தநாள் கூட்டத்துக்கு 20 ஸ்பிரிங்போக்கி. சற்று முன்தான் அதே கிளாஸ்களில் டெக்கீலாவும் எலுமிச்சையும் போயிருந்தது. அவசரத்தில் வெறும் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு ஊற்றினேன். தட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைப்பதற்குள் பாதி கிளாஸ்களில் மேலே பனீர் மிதந்தது. எலுமிச்சை பட்டால் பால் திரியும் என்று அம்மா அடுப்படியில் சொல்லிக்கொடுத்ததை மூவாயிரம் ராண்ட் சம்பளத்தில் மறுபடி படித்தேன். கிரீம் லிக்யூரில் இருப்பதும் அதே பால் புரதம்தான். பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 பக்கம் இறங்கினால் கேசீன் என்ற அந்தப் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு அதைவிடப் பல மடங்கு புளிப்பு. ஆரஞ்சு, அன்னாசி, கோலா, டானிக் வாட்டர் எல்லாமே ஆபத்துதான். வேண்டுமென்றே இப்படித் திரிய வைத்து, நண்பன் வாயில் ஊற்றி வேடிக்கை பார்க்கிற 'சிமென்ட் மிக்ஸர்' என்ற ஷாட் ஒன்று உண்டு: பெய்லீஸும் எலுமிச்சைச் சாறும். பெயரே சொல்லிவிடுகிறது. உங்கள் வீட்டில் யாராவது ஆரம்பித்தால் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நல்ல சரக்கு பாழ்.

இவ்வளவு சுலபமாகத் திரிகிற பாலை விஸ்கியோடு சேர்த்துப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கலாம் என்பதே ஐம்பது வருடத்துக்கு முன்னால் பெரிய விஷயம். 1973-ல் லண்டனில் டேவிட் க்ளக்மன், ஹியூ சீமோர்-டேவிஸ் என்ற இரண்டு பேர் ஒரு ஜேம்ஸன் விஸ்கி பாட்டிலையும் ஒரு டப்பா கிரீமையும் கலந்து பார்த்தார்கள். சகிக்கவில்லை. சர்க்கரை சேர்த்தார்கள், அப்புறம் கேட்பரிஸ் சாக்லேட் தூள். அதுதான் 1974-ல் அயர்லாந்தில் பெய்லீஸ் ஆக வெளிவந்தது. கலப்பது சுலபம், பிரியாமல் நிறுத்துவதுதான் தொழிற்சாலை வேலை. கொழுப்பை அழுத்தத்தில் நுண்ணிய துளிகளாக உடைக்கிறார்கள், ஒவ்வொரு துளியையும் புரதம் சட்டை மாதிரி போர்த்திக்கொள்கிறது, ஆல்கஹால் கெடாமல் காக்கிறது. இந்தப் பாதையில் 1989-ல் வந்ததுதான் கிரீம் லிக்யூரான அமருலா.

அமருலாவில் விஸ்கி கிடையாது. மருலா என்ற காட்டுப் பழத்தைப் புளிக்க வைத்து, வடித்து, ஓக் பீப்பாயில் இரண்டு வருடம் வைத்து, அப்புறம் கிரீம் சேர்க்கிறார்கள். மருலா நம் மாமரத்துக்கும் முந்திரிக்கும் ஒன்றுவிட்ட சொந்தம், ஒரே தாவரக் குடும்பம். காய் பச்சையாகவே கீழே விழுந்து தரையில் கிடந்து மஞ்சளாகப் பழுக்கும். லேபிளில் யானை இருப்பது அதனால்தான். யானைக்கு இந்தப் பழம் உயிர். கீழே கிடந்து புளித்த பழத்தைத் தின்று யானை போதையில் தள்ளாடும் என்று சனிக்கிழமை யாராவது நிச்சயம் கதை விடுவார். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் கணக்குப் போட்டு, அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தப் பழம் காணாது என்றார்கள். 2020-ல் வேறொரு குழு, ஆல்கஹாலைச் செரிக்க உதவும் ஒரு மரபணு யானைக்கு வேலை செய்யவில்லை, அதனால் மனிதக் கணக்கை அதற்குப் போடக்கூடாது என்றது. ஆக, பாதி நேர இடைவேளைக்கு நல்ல விவாதம்.

இப்போது அந்த 20 மில்லிக்கு வருகிறேன். அமருலாவில் பெரும்பாலும் 17 சதவீதம் ஆல்கஹால், பெப்பர்மின்டில் 24 பக்கம் இருக்கும். உங்கள் பாட்டிலில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 25-க்கு 25 ஊற்றினால் சுத்த ஆல்கஹால் சுமார் 10 மில்லி. நம்மூர் 30 மில்லி ஸ்மால் விஸ்கியில் கிட்டத்தட்ட 13. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விஸ்கி தொண்டையில் எரிந்து 'போதும்' என்று சொல்லும். இது புதினா மிட்டாய் போட்ட பால் மாதிரி இறங்கும், ஒன்றும் சொல்லாது. ஐந்தாவது கிளாஸுக்கு அப்புறம்தான் மொத்தமாகச் சொல்லும். பீரும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 20-க்கு 20, தலைக்கு இரண்டு, அதுவும் பிராய் என்கிற இங்கத்திய கரியடுப்பில் சுட்ட இறைச்சி வயிற்றுக்குள் போன பிறகு. தென்னாப்பிரிக்காவில் வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம்தான் எல்லை. யார் ஓட்டப்போகிறார் என்பதை ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர் யாராவது உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

12 பேருக்குத் தலைக்கு இரண்டு என்றால் 24 கிளாஸ். பச்சை மொத்தம் 480 மில்லி, அமருலா மொத்தம் 480 மில்லி. 750 மில்லி பாட்டில் ஒன்றொன்று தாராளம். ஆட்டத்துக்கு முன்பே கிளாஸ்களைத் தட்டில் அடுக்கி, பச்சையை மட்டும் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதல் பாதி 40 நிமிடம். 30-வது நிமிடம் எழுந்துபோய்க் கிரீமை ஏற்றுங்கள். இடைவேளை அதிகபட்சம் 15 நிமிடம்தான், அதற்குள் 24 கிளாஸ் ஊற்றுகிறேன் என்று இறங்கினால் கை நடுங்கும். ஊற்றியது ஃப்ரிட்ஜில் அரை மணி, முக்கால் மணி கோடு கலையாமல் நிற்கும். தட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போது மட்டும் தேர் நகர்கிற மாதிரி வாருங்கள்.

அமருலாவை வீட்டிலேயே செய்யலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், கிரீம் 250 மில்லி, பிராந்தியோ விஸ்கியோ 250 மில்லி, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித் தூள், கொஞ்சம் வெனிலா. மிக்ஸியில் குறைந்த வேகத்தில் அரை நிமிடம். குடிக்கப் பிரமாதம். அதிக நேரம் அரைத்தால் வெண்ணெய் திரளும், ஜாக்கிரதை. ஆல்கஹால் கணக்குப் போட்டால் 13 சதவீதம்தான் வரும், துளிகளும் அவ்வளவு நுண்மையாக இருக்காது, அதனால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆனால் இதை நம்பி ஸ்பிரிங்போக்கி செய்ய இறங்காதீர்கள். கண்டென்ஸ்டு மில்க்கின் சர்க்கரையால் இது பெப்பர்மின்ட் லிக்யூர் அளவுக்கே கனத்துவிடுகிறது, மிதக்காது. அடியில் லிக்யூருக்குப் பதிலாகக் கெட்டியான பச்சை புதினா சிரப் ஊற்றினால் மிதக்கும், சிரப் அவ்வளவு கனம். வண்டி ஓட்டுபவருக்கும் குடிக்காதவருக்கும் இதே வழிதான்: அடியில் புதினா சிரப் 10 மில்லி, மேலே கிரீமில் கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க்கும் ஒரு சொட்டு காபி டிகாக்ஷனும் கலந்தது. தட்டில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அதனால் அந்தக் கிளாஸ்களைத் தனித் தட்டில் வையுங்கள்.

பெய்லீஸ் போட்டாலும் அடுக்கு நிற்கும். ஆனால் அதைத் தென்னாப்பிரிக்கர் கையில் கொடுத்து ஸ்பிரிங்போக்கி என்று சொல்லாதீர்கள். பெய்லீஸ்தான் பிடிக்கும் என்றால் அதற்கு பி-52 இருக்கிறது: அடியில் காபி லிக்யூர், நடுவில் பெய்லீஸ், மேலே கிராண்ட் மார்னியே என்ற ஆரஞ்சு லிக்யூர். மேலே இருப்பது 40 சதவீதம் என்பதால் சில பார்களில் தீ வைத்துக் கொடுப்பார்கள். வீட்டில், கூட்டத்தில், ரக்பி பார்த்து எல்லோரும் குதித்துக்கொண்டிருக்கும்போது அந்த வேலையே வேண்டாம்.

எப்படியும் அமருலாவில் கால் பாட்டில் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வெனிலா ஐஸ்கிரீம் இரண்டு கரண்டியும் அதில் ஒரு டாட்டும் மிக்ஸியில் ஒரு சுற்று. இங்கே உணவகங்களில் டோம் பெட்ரோ என்று இனிப்பு வரிசையில் கேட்டு வாங்குவது இதைத்தான். அடுக்கும் வேண்டாம், கரண்டி முதுகும் வேண்டாம், கலங்கினால்தான் நன்றாக இருக்கும்.